பதில்: கலைச்சொல்: அட்-லார்ஜ் தொகுதிய தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

த்ரெட் எங்கெங்கயோ போயிட்டிருக்கு, அதனால எந்த விஷயத்துக்குச் சொல் தேடுறோம்னு மொதல்ல சொல்லிடறேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில மொத்தம் 435 சீட், ஜனத்தொகைய வச்சு மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க, எவ்ளோ குட்டி மாநிலமா இருந்தாலும் ஒரு சீட்டாவது உண்டுன்னு அவங்க அரசியல் சாசனத்துலயே இருக்கு. 2020 சென்சஸுக்கு அப்புறம் அந்த ஒரே ஒரு சீட்டோட நிக்கிறது அலாஸ்கா, டெலவேர், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், வயோமிங். அங்க தொகுதி மறுவரையறை, எல்லைய வளைச்சு வளைச்சு கோடு போடுற தில்லுமுல்லு எதுக்கும் வேலையே இல்ல, மாநில எல்லைதான் தொகுதி எல்லை. இதைத்தான் அட்-லார்ஜ்னு சொல்றாங்க.

லார்ஜ்னு இருக்கறதால "பெருந்தொகுதி"ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு. அலாஸ்காவுக்கு ஓகே, 17 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவுல பாதிக்கு மேல, அத்தனைக்கும் ஒரே எம்.பி. ஆனா டெலவேரும் அட்-லார்ஜ்தான், அது அமெரிக்காவுலயே ரெண்டாவது சின்ன மாநிலம், அதைப் போய் பெருந்தொகுதின்னா சிரிப்பாங்க. போலீஸ் நியூஸ்ல அட்-லார்ஜ்னா இன்னும் புடிபடாதவன்னு அர்த்தம் வரும், அப்படிப் பாத்தா தலைமறைவுத் தொகுதின்னுதான் வைக்கணும் (ஜெயிச்சப்புறம் ஊர்ப்பக்கமே தலைகாட்டாத எம்.பி.ங்க இருக்கற எடத்துக்கு அதுவும் பொருத்தம்தான்).

> தனித்தொகுதி என்றே வைக்கலாமே, சுருக்கமாக இருக்கிறது

ஐயா, அது மட்டும் வேணாம். நம்மூர்ல தனித்தொகுதின்னா பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்குன தொகுதி, டீக்கடை பெஞ்சு வரைக்கும் எல்லாருக்கும் அது தெரியும். "வயோமிங் ஒரு தனித்தொகுதி"ன்னு எழுதுனா படிக்கிறவர் ஒடனே ரிசர்வ்டுன்னுதான் நினைப்பாரு. "பொதுத்தொகுதி"யும் அதே காரணத்தால அவுட், அது ஒதுக்கீடு இல்லாத தொகுதி.

"ஓருறுப்பினர் தொகுதி"யும் சரி வராது. இப்ப நம்ம எல்லாத் தொகுதியுமே ஓருறுப்பினர் தொகுதிதான, 1952, 1957 தேர்தல்ல இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்துச்சு, 1961-ல சட்டம் போட்டு எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் எல்லாம் ஒத்தைதான். அதைவிட முக்கியமா அட்-லார்ஜ்ங்கற சொல்லுல எண்ணிக்கையே கிடையாது. 1960-கள்ல ஹவாயும் நியூ மெக்சிகோவும் மாநிலத்த ரெண்டாப் பிரிக்காம, மாநிலம் முழுக்க ஓட்டு போட்டே ரெண்டு பேரையும் அனுப்பிட்டிருந்தாங்க, அதுக்கும் பேரு அட்-லார்ஜ்தான், 1967-ல சட்டம் வந்துதான் அது நின்னுச்சு. அதனால சொல்லு எத்தனை பேருங்கறதப் பத்திப் பேசக்கூடாது, எவ்ளோ எடம்ங்கறதப் பத்திப் பேசணும். என்னோட ஓட்டு முழுமாநிலத் தொகுதி.

வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "அலாஸ்காவின் முழுமாநிலத் தொகுதிக்கு 2022 ஆகஸ்ட் 16 அன்று இடைத்தேர்தல் நடந்தது." உறுத்துதா? எனக்கு உறுத்தல.

அந்த எலெக்‌ஷனே ஒரு கதை. டான் யங்னு ஒருத்தர் 1973-லேர்ந்து 2022 மார்ச்ல சாகற வரைக்கும் 49 வருஷம் அந்த ஒரே சீட்டுல இருந்தாரு. அவருக்கு அது கெடச்ச விதமே விசித்திரம், 1972 அக்டோபர்ல அப்ப உறுப்பினரா இருந்த நிக் பெகிச் போன விமானம் காணாமப் போச்சு, ஆளு கெடைக்கல, ஆனா நவம்பர் தேர்தல்ல யங்க தோக்கடிச்சு அந்தக் காணாமப் போன பெகிச்சே ஜெயிச்சாரு! அப்புறம் எடம் காலின்னு அறிவிச்சு 1973-ல இடைத்தேர்தல் வச்சப்பதான் யங் உள்ள வந்தாரு. யங் செத்தப்புறம் முதல் சுத்துக்கு 48 பேர் நின்னாங்க, சான்டா கிளாஸ்னு சட்டப்படியே பேரு வச்சிருந்தவர் உட்பட. மாநிலத்துக்கே ஒரு சீட்டுன்னா ஆசைப்படுறவங்க எல்லாரும் அந்த ஒரே வாசல்லதான வந்து நிக்கணும்.

-----

அண்ணா, முழுமாநிலம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு டவுட்டு.

ஒண்ணு, செனட்டர் (அமெரிக்க மேலவை உறுப்பினர்) தேர்தலும் மாநிலம் முழுக்கத்தான் நடக்குது, ஒரு தடவைக்கு ஒரு சீட்டுதான், அதை யாரும் அட்-லார்ஜ்னு சொல்றதில்லயே, உங்க சொல் அதையும் சேத்து இழுத்துக்காதா?

ரெண்டாவது, நான் புதுச்சேரிக்காரி. எங்களுக்கும் மக்களவையில ஒரே எம்.பி.தான், காரைக்கால், கேரளா பக்கம் மாஹே, ஆந்திரா பக்கம் ஏனாம் எல்லாம் சேத்து ஒரே மக்களவைத் தொகுதி, ஓட்டு கேட்டு வர்றவங்க மூணு மொழியில பேசணும். ஆனா நாங்க மாநிலம் இல்ல, யூனியன் பிரதேசம் (அந்தக் கதைய ஆரம்பிச்சா இந்த த்ரெட் தாங்காது). லடாக், லட்சத்தீவு, சண்டிகர் எல்லாம் இதே கேஸ். மாநிலம்னே வச்சிக்கிட்டா சிக்கிம், நாகாலாந்து, மிசோரமுக்கு மட்டும்தான் பொருந்தும். அமெரிக்காவுலயே வாஷிங்டன் டி.சி.யும் குவாமும் மாநிலம் கிடையாது, அங்கேர்ந்து வர்ற ஓட்டுரிமை இல்லாத பிரதிநிதிகளையும் அட்-லார்ஜ்னுதான் சொல்றாங்க. அதனால "முழுப்பரப்புத் தொகுதி"?

-----

யாழ்ப்பாணத்தில பரப்பு எண்டால் காணி அளவு தங்கச்சி, 16 பரப்பு ஒரு ஏக்கர். முழுப்பரப்பு எண்டால் எங்கட சனம் "முழுப் பரப்பையும் வித்துப்போட்டாங்களோ" எண்டு கேக்கும். மற்றபடி சொல்லில பிழை இல்லை.

-----

செனட் கேள்வி நல்ல கேள்வி. தொகுதியாப் பிரிக்கிற வழக்கம் இருக்கற சபையில, இங்க மட்டும் பிரிக்கலன்னு சொல்லத்தான் அட்-லார்ஜ் தேவைப்படுது. செனட்டுல எந்த மாநிலத்தையும் பிரிக்கறதே இல்ல, அதனால அங்க அடைமொழிக்கே வேலையில்ல. மொன்டானாவப் பாத்தா இது நல்லாப் புரியும். ரெண்டு தொகுதி இருந்த மாநிலம், 1990 சென்சஸ்ல ஒண்ணு போச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் வழக்கு போட்டும் 1992-ல தோத்துட்டாங்க, அந்த வருஷம் ரெண்டு சிட்டிங் உறுப்பினர்களும் ஒரே சீட்டுக்கு மோத வேண்டியதாப் போச்சு, பேட் வில்லியம்ஸ் ஜெயிச்சாரு, ரான் மார்லெனீ வீட்டுக்குப் போனாரு. 2022-ல மறுபடி ரெண்டு தொகுதி. ஆக மொன்டானா 30 வருஷம் முழுமாநிலத் தொகுதியா இருந்துச்சுன்னு எழுதலாம், அதோட செனட் சீட்டப் பத்தி அப்படி எழுத எடமே வராது.

புதுச்சேரி விஷயம் தங்கச்சி சொல்றதுதான் சரி. ஆனா ஒரே சொல்லுல எல்லாத்தையும் அடைக்கணும்னு என்ன கட்டாயம்? முழு-ங்கற முன்னொட்ட மட்டும் நிலையா வச்சுக்கலாம், முழுமாநிலத் தொகுதி, முழுப்பிரதேசத் தொகுதி, அமெரிக்க ஊர்கள்ல வார்டு இல்லாம மொத்த நகரமும் தேர்ந்தெடுக்கற கவுன்சிலருக்கு முழுநகர உறுப்பினர். பரப்பு பிரச்சினையும் வராது, அண்ணன் காணிய விக்கவும் வேண்டாம்.

> அலாஸ்கா முடிவைப் பற்றி எழுதும்போது ஓட்டு முறைக்கும் ஒரு சொல் வேண்டுமே

வேணும். அங்க 1, 2, 3-ன்னு வரிசை போட்டு ஓட்டு. அந்த ஆகஸ்ட் இடைத்தேர்தலோட முதல் எண்ணிக்கையில மேரி பெல்டோலா 75,799, சாரா பேலின் 58,973, மூணாவது நிக் பெகிச், அந்தக் காணாமப் போனவரோட பேரன், 53,810. யாருக்கும் பாதிக்கு மேல வராததால, கடைசியா வந்த அவரை நீக்கிட்டு அவரு ஓட்டுகள அடுத்த விருப்பப்படி பிரிச்சப்ப பேலினுக்கு 27,053 போச்சு, பெல்டோலாவுக்கு 15,467, மீதி 11,290-ல அடுத்த விருப்பம் எதுவும் இல்லாததால கணக்குலேர்ந்து போயிடுச்சு. கடைசியில பெல்டோலா 91,266, பேலின் 86,026, அலாஸ்கா பூர்வகுடியிலேர்ந்து அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன முதல் ஆள் பெல்டோலாதான். 2024-ல அதே பேரன் அவங்களத் தோக்கடிச்சு தாத்தா சீட்டப் புடிச்சிட்டாரு. நம்ம ஜனாதிபதி தேர்தல்லயும் விருப்ப வரிசைதான், அதனால "விருப்ப வரிசை வாக்கு" போதும்னு எனக்குத் தோணுது. கணக்குலேர்ந்து போன அந்த 11,290 ஓட்டுக்குத்தான் சொல் இல்ல. செல்லாத ஓட்டுன்னு எழுதக்கூடாது, அது செல்லுபடியான ஓட்டுதான், மேல போக வழியில்லாம நின்னுடுச்சு. "தீர்ந்த ஓட்டு"ன்னு ஒண்ணு தோணுது, முழுத் திருப்தி இல்ல, யாராவது புது த்ரெட்ல ஆரம்பிங்க.