ராஜ்தூத் ஜிடிஎஸ் 175: துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகளைக் கழற்ற உதவி வேண்டும்

அண்ணன்மாரே, குளச்சலில் சித்தப்பா வீட்டில் பல வருஷமாகக் கிடந்த ராஜ்தூத் ஜிடிஎஸ் 175 வண்டியைத் திரும்ப ஓட வைக்கப் பார்க்கிறேன். சின்ன டயர் வைத்த அந்தக் குட்டி வண்டியேதான். கடல் காற்றில் நின்றதால் துரு தின்றிருக்கிறது. டேங்க், மட்கார்டு எல்லாம் சமாளித்துவிடலாம். மாட்டிக்கொண்டது இரண்டு இடத்தில்.

ஒன்று, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) போல்ட். நட் கழன்றுவிட்டது, போல்ட் மட்டும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷோடு ஒட்டி அசைய மறுக்கிறது. தினமும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுகிறேன்.

அடுத்தது கிளட்ச் கவர் போல்ட். இதுதான் பெரிய கவலை. தலை ஒடிந்து, மிச்சம் அலுமினிய கேஸுக்குள் நிற்கிறது. ஒடிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் போட மனசு வரவில்லை. அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் ஏறாது. மீதியுள்ள தண்டில் நட் வைத்து வெல்டு பிடித்துத் திருப்பலாம் என்று நினைக்கிறேன். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். ஆனால் அலுமினியம் சிவக்காமலே சுமார் 660 டிகிரியில் உருகிவிடும். அதனால் கை பழகிய ஆள் வேண்டும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்படிப்பட்ட வேலையை நிதானமாகச் செய்யும் லேத் பட்டறை தெரியுமா? சின்ன இடத்தில் துல்லியமாகப் பிடிக்கும் டிக் (TIG) வெல்டிங் இருந்தால் ரொம்ப நல்லது. அப்புறம், ஸ்விங் ஆர்ம் போல்ட்டை அறுத்து எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் பிளேடு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.