லோ கார்ப் மசாலா டீ: சர்க்கரையை விட்டால் போதுமா, பாலையும் விட வேண்டுமா?

மழைமேகம்:
மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டில் எப்படியோ சமாளித்துவிட்டேன், டீயில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். காலையும் மாலையும் ஒரு பெரிய டம்ளர் மசாலா டீ, தண்ணீரே சேர்க்காமல் முழுக்கப் பாலில். சர்க்கரையை நிறுத்தியாயிற்று. அது போதுமா? பாதாம் பாலில் போடு என்று ஒருவர் சொல்கிறார், அதெல்லாம் டீயே இல்லை என்கிறார் இன்னொருவர். வீட்டில் செய்கிற மாதிரி வழி சொல்லுங்கள்.

கணக்கன்:
போதாது. பசும்பாலில் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ், அதாவது பாலிலேயே இருக்கும் சர்க்கரை, இருக்கிறது. 200 மில்லி என்றால் 10 கிராம், இரண்டு வேளைக்கு 20. ஒரு டீஸ்பூன் சர்க்கரையே 4 கிராம்தான், ஆக சர்க்கரையை நிறுத்திய பிறகும் டம்ளருக்கு இரண்டரை ஸ்பூன் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறாதீர்கள், அதில் எடுத்தது கொழுப்பை மட்டும்தான். லாக்டோஸ் இல்லாத பாலும் உதவாது, லாக்டோஸை நொதி விட்டு குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டு சர்க்கரைகளாக உடைத்திருப்பார்களே தவிர வெளியே எடுத்திருக்க மாட்டார்கள், அதனால்தான் அது கொஞ்சம் இனிக்கும். ஓட்ஸ் பால் பக்கமே போக வேண்டாம், தானியத்தின் மாவுச்சத்தே அதில் சர்க்கரையாக மாறியிருக்கும்.

நான் செய்வது: 180 மில்லி தண்ணீரில் மசாலாவைக் கொதிக்கவிட்டு, டீத்தூள் போட்டு, வடிகட்டி, 2 மேசைக்கரண்டி கெட்டி கிரீம். ஒரு டம்ளருக்கு மாவுச்சத்து ஒரு கிராம் அளவுதான் வரும்.

அரைடம்ளர்:
கணக்கு சரி, டீ சரியில்லை. கிரீம் ஊற்றிய டீயைக் குடித்திருக்கிறீர்களா மழைமேகம்? மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் துவர்க்கும். டீயின் துவர்ப்பைப் பிடித்து அடக்குவது பாலில் இருக்கும் கேசீன் என்கிற புரதம். கிரீமில் கொழுப்புதான் நிறைய, புரதம் கொஞ்சம். நாக்குக்குக் கெட்டியாகத் தெரியும், டீயோடு சேராது.

தினம் 50 கிராம் என்றால் பாலை அடியோடு விட என்ன அவசியம்? 140 மில்லி தண்ணீர், 60 மில்லி முழுக்கொழுப்புப் பால். 3 கிராம். இரண்டு வேளைக்கு 6. முடிந்தது கதை. டீத்தூளை மட்டும் நல்லதாக வாங்குங்கள், பால் குறைந்தால் தூளின் லட்சணம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கணக்கன்:
50 கிராமில் 6 என்றால் எட்டில் ஒரு பங்கு, அதைத் தண்ணீர் டீக்குக் கொடுப்பானேன்? 20 கிராமில் நிற்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. எண்ணெய் மிதக்கிறது என்றால் கிரீமைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொதிக்கிற டீயில் கொட்டியிருப்பீர்கள். இறக்கி ஒரு நிமிடம் கழித்து ஊற்றி, இரண்டு முறை நன்றாக ஆற்றிப் பாருங்கள்.

அரைடம்ளர்:
ஆற்றினால் மிதப்பது கலக்கும், துவர்ப்பு எங்கே போகும்? அந்த இரண்டு கரண்டி கிரீமில் 100 கலோரி பக்கம் இருக்கிறது, என் 60 மில்லி பாலில் 40 கூட வராது. எடை குறைக்க மாவுச்சத்தைக் குறைக்கிறவர் அதையும் பார்க்க வேண்டாமா?

ஏலக்காய்த்தோல்:
இருவரும் பாதாம் பாலை ஓரமாக வைத்துவிட்டீர்களே. சர்க்கரை சேர்க்காத பாதாம் பாலில் 100 மில்லிக்கு 1 கிராம்கூட இருக்காது. கடையில் வாங்குவது பெரும்பாலும் தண்ணீர், அதைக் குடித்துவிட்டுத்தான் பலர் நன்றாக இல்லை என்கிறார்கள். வீட்டில் அரைத்தால் மாவுச்சத்து சற்றுக் கூடும், ஆனால் ருசி வேறு. ராத்திரி ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, நைசாக அரைத்துத் துணியில் பிழியுங்கள். அதை டீயோடு சேர்த்துக் கொதிக்க வைக்கக் கூடாது, திரிந்து துகள் துகளாக நிற்கும். பாலைத் தனியே வெதுவெதுப்பாக்கி டம்ளரில் ஊற்றி, அதன் மேல் வடிகட்டிய டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். டீத்தூள் 2 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம், துவர்ப்பை அடக்கத்தான் இங்கே கேசீன் இல்லையே.

அரைடம்ளர்:
ராத்திரி ஊறப்போட்டு, தோலுரித்து, அரைத்து, பிழிந்து, அதன் பிறகு காலையில் டீ. இது டீயா, பலகார வேலையா?

ஏலக்காய்த்தோல்:
ஒருமுறை அரைத்தால் குளிரில் 3 நாள் நிற்கும். சோம்பேறித்தனத்துக்குக் கேசீன் மேல் பழி போடாதீர்கள் 😄

இஞ்சித்தட்டு:
பாலை வைத்தே சண்டை போடுகிறீர்கள், பெயரில் மசாலா என்று ஒன்று இருக்கிறது. பால் குறைந்த டீயில் வாயை நிரப்புவது அதுதான். ஏலக்காய் 2, கிராம்பு 2, விரல் நுனி அளவு பட்டை, தட்டிய இஞ்சி, நாலு மிளகு. எல்லாம் முழுதாக, லேசாக நசுக்கித் தண்ணீரில் மட்டும் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். முழு மசாலாவை வடிகட்டிவிடுவதால் அதிலிருந்து டீக்குள் வரும் மாவுச்சத்து கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. பட்டைப் பொடி போட்டால் வழவழப்பாகும். பச்சை இஞ்சியைப் பாலில் போடாதீர்கள், அதில் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, பால் திரியும். தண்ணீரில் முதலில் நன்றாகக் கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கொஞ்சம் சோம்பு சேர்த்தால் இனிப்பே போடாமல் இனிப்பின் சாயல் வரும். துவர்ப்பு உறுத்தினால் உப்பு ஒரே சிட்டிகை.

அதிமதுரமும் சிலர் போடுவார்கள், நன்றாகவே இனிக்கும். ஆனால் தினமும் வேண்டாம், ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

மழைமேகம்:
உண்மையைச் சொன்னால் பாலைவிட இனிப்பு இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்டீவியா, எரித்ரிடால் மாதிரி சர்க்கரைக்குப் பதிலான இனிப்புகளைப் போடலாமா?

சந்தேகப்பேர்வழி:
இதற்குத்தான் காத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த மாற்று இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது, ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. இனிப்புக்குப் பழகிய நாக்கை இனிப்பு கொடுத்தே வைத்திருந்தால் அது எப்போது மாறும்? சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு குடியுங்கள், பழகிவிடும்.

கணக்கன்:
பாதியைச் சொல்லி மீதியை விட்டுவிட்டீர்கள். அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. எரித்ரிடால் மாதிரி சர்க்கரை ஆல்கஹால் என்று பெயர் கொண்ட இனிப்பு வகைகளும் அதன் வரம்பில் வராது.

மழைமேகம், எரித்ரிடாலின் இனிப்பு சர்க்கரையில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு, நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும், உடல் அதில் பெரும்பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஸ்டீவியா கூடினால் கசக்கும், நுனிவிரலில் எடுக்கும் அளவே அதிகம். அஸ்பார்ட்டேம் என்கிற செயற்கை இனிப்பைக் கொதிக்கிற டீயில் போடாதீர்கள், சூட்டில் இனிப்பு போய்விடும். சர்க்கரை இல்லை என்று எழுதிய பாக்கெட்டில் மால்டிடால் (இதுவும் ஒரு சர்க்கரை ஆல்கஹால்), மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துத் தூள்) இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

சந்தேகப்பேர்வழி:
வரம்பில் வராது என்றால் நல்லது என்று பொருளில்லை. இன்னொரு விஷயம், வெல்லமும் தேனும் இயற்கைதானே என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், மாவுச்சத்துக் கணக்கில் அவையும் சர்க்கரையேதான்.

அரைடம்ளர்:
இது ஒன்றில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

மழைமேகம்:
சரி, இன்று மாலை 60 மில்லி பாலில், சோம்பு போட்டு, இனிப்பு எதுவும் இல்லாமல் ஒரு டீ. வாரக் கடைசியில் பாதாம் அரைக்கிறேன். கிரீம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் கணக்கன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று கேட்க வேண்டும், பாலை நன்றாகச் சுண்டக் காய்ச்சிவிட்டு அதில் 60 மில்லி எடுக்கலாமா, கெட்டியாக இருக்குமே?

கணக்கன்:
கோபமில்லை. ஆனால் சுண்டக் காய்ச்சினால் ஆவியாகிப் போவது தண்ணீர், லாக்டோஸ் பாத்திரத்திலேயே இருக்கும். பாதியாகச் சுண்டிய பாலில் 60 மில்லி என்பது 120 மில்லிப் பாலுக்குச் சமம். காய்ச்சுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.