கன்வர்ட்டிபிள் கூரை வடிகுழாய் அடைப்பு: கம்பி விடலாமா?

கேள்வி: என்னுடையது கன்வர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார். மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஊறிவிடுகிறது. துணிக்கூரையில் கிழிசல் இல்லை. கூரையில் விழும் மழைநீரைக் கீழே இறக்கும் வடிகுழாயில் கம்பி விட்டுக் குத்தலாமா?

பதில் 1: கம்பி வேண்டவே வேண்டாம், ரப்பர் குழாய் ஓட்டையாகிவிடும். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பின்மூலைகளில் இருக்கும் வடிகுழாய்த் துளைகளைச் சுற்றியுள்ள சருகைக் கையால் அள்ளுங்கள். புல்வெட்டியின் 2 மி.மீ. நைலான் நரம்பு போதும். முனையைத் தீயில் காட்டி மழுக்கி, திருகித் திருகி இறக்குங்கள்.

பதில் 2: ஏர் கம்ப்ரசரால் காற்றடிப்பதும் ஆபத்து. குழாய் இணைப்பில் கழன்றால் தண்ணீர் முழுக்க உள்ளேதான் இறங்கும்.

பதில் 3: சில மாடல்களில் பின்சக்கரத்துக்கு முன்னால், குழாயின் கீழ்முனையில் ரப்பர் வால்வு இருக்கும். சேறு அங்கேதான் களியாக இறுகும். முதலில் அதைப் பிதுக்கிவிடுங்கள். பிறகு மேல்துளையில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும் வேகத்திலேயே கீழே வர வேண்டும், வெறுமனே சொட்டினால் அடைப்பு மிச்சமிருக்கிறது. கார்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சையும் காயவையுங்கள்; மேலே காய்ந்தாலும் அது ஈரத்தை விடாது.