மென்டல் நெர்வ்: நாடியா, அணலா, மோவாயா?

அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

முகவாய்க்குப் போகிற மென்டல் நெர்வைத் தமிழில் எப்படிச் சொல்வது, முகவாயைக் குறிக்கும் நாடி, அணல், மோவாய் என்ற சொற்களில் எதை வைப்பது என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த மடல்களை எல்லாம் நேற்று ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். முதலாண்டு பல் மருத்துவப் பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆகவே கேள்வி கேட்ட நானே இதை ஒரு கரைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

நான் கேட்டதற்குக் காரணம் ஒரு பென்சில் எழுத்து. தமிழ்வழியில் பன்னிரண்டு வரை படித்து வந்த பிள்ளை ஒருத்தி, கீழ்த்தாடைப் படத்தில் மென்டல் நெர்வுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மனநரம்பு’ என்று எழுதி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. லத்தீனில் மென்டும் என்றால் முகவாய், மென்ஸ் என்றால் மனம். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘மென்டல்’ ஆகிவிடுகின்றன. கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ள சிறு துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்த் தோலுக்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு இது. மனசோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

என் முதல் ஆசை ‘நாடி நரம்பு’தான். எங்கள் ஊரில் அம்மா குழந்தையின் நாடியைப் பிடித்துத்தான் கொஞ்சுவாள். ஆனால் தக்கலை சார் சொன்ன தடை சரியானது. கையைப் பிடித்துப் பார்ப்பதும் நாடி. அதோடு கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளின் காதில் மலையாளமும் விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கே நாடி என்றாலே நரம்பு, முகவாய்க்குத் தாடி. அவர்களுக்கு ‘நாடி நரம்பு’ என்பது ‘நரம்பு நரம்பு’ என்றுதான் கேட்கும்.

அண்ணாச்சி ‘அணல் நரம்பு’ என்கிறார். அழகான சொல், அகராதியில் மோவாய் என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் புறநானூறு 83-இல் வரும் ‘மையணல் காளை’யின் அணல் கறுத்த தாடி அல்லவா? இந்த நரம்பு பெண்களுக்கும் உண்டு. அண்ணாச்சி தாடி முளைக்கும் இடத்திலிருந்து தாடிக்குப் பெயர் வந்தது என்று நீளமாக எழுதியிருந்தார். வேர் அப்படியே இருக்கட்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளை அகராதியைத் தேடி ஓடக் கூடாது என்பதே என் கவலை.

‘முகவாய் நரம்பு’ எல்லாருக்கும் புரியும். ஆனால் ஃபேஷியல் நெர்வை ‘முக நரம்பு’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். அது மூளையிலிருந்து வரும் நரம்புகளில் முகத் தசைகளை அசைக்கிற ஏழாவது நரம்பு. நாம் பேசுவதோ ஐந்தாவதான முக்கிளை நரம்பின் கடைசிக் கிளைகளில் ஒன்று. பெயர்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் வேலைகளும் குழம்பிப்போகும். முகவாய் மருவி வந்ததுதான் மோவாய். பேச்சில் குறைவு என்றாலும் வாசிப்பில் எல்லாரும் கண்ட சொல்.

அப்புறம் குலசேகரத்து அக்கா எழுப்பிய பெரிய கேள்வி: நரம்பு என்ற சொல்லே சரியா? புறநானூறு 278-இல் ‘நரம்பு எழுந்து உலறிய’ தோள் என்று வருகிறது. அந்த முதியவளின் தோளில் புடைத்துத் தெரிவது இன்றைய கணக்கில் சிரை. ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் நரம்பு ஊசி என்றால் சிரையில் போடுவதுதான். யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதானே பெயர் என்று ஒருவர் மறுத்திருந்தார். எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியாகப் படவில்லை. கீழ்த்தாடை மரக்க ஊசி போடும் இடத்தில் நரம்பு, தமனி, சிரை மூன்றும் சேர்ந்துதான் எலும்புத் துளைக்குள் இறங்குகின்றன. மருந்தைத் தள்ளுவதற்கு முன் ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். ஏறினால் முனை ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது. மருந்தை விடக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை ‘நரம்புக்குள்ள போயிட்டு சார்’ என்றால் நான் எதை நினைப்பது? ஆகவே கையேட்டில் நரம்பு என்றால் நெர்வ் மட்டுமே. மற்றவை தமனி, சிரை, பொதுவாக ரத்தக்குழாய். தமனியும் சிரையும் வடசொல் என்று அக்காவுக்கு வருத்தம். பள்ளியிலேயே படித்துப் பழகிய சொற்களை இப்போது பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகிற இன்ஃபீரியர் ஆல்வியோலர் நெர்வுக்குக் ‘கீழ்ப் பற்குழி நரம்பு’ என்று போட்டிருக்கிறேன். பற்குழி என்றதும் சொத்தை விழுந்த குழிதான் நினைவுக்கு வரும் என்ற தடை இன்னும் பதில் இல்லாமல்தான் கிடக்கிறது. பல் பதிந்திருக்கும் குழிக்கு வேறு நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.

இப்போதைக்கு ‘மோவாய் நரம்பு’ என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சியின் மறுப்பு அப்படியே நிற்கிறது என்பது தெரியும். படத்துக்குக் கீழே ‘மோவாய்: நம் ஊர்ப் பேச்சில் நாடி’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்; அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.