வெள்ளவத்தை வீடு: 30ஆம் திகதிக்கு முன்

வியாழன்

ரகு (காலை 6:48): காலை வணக்கம். வீட்டைக் கையளிக்க இன்னும் 19 நாள். பிளாட் கட்டுகிறவர் நேற்றும் போன் எடுத்தார். சாமான் பட்டியல் பிறகு அனுப்புகிறேன். முதலில் அப்பாவின் கார். அதை எங்கே கொண்டுபோவது, என்ன செய்வது என்று இன்றைக்கே முடிவு வேண்டும்.

செல்வம் மாமா: 🙏🌹 (படம்)

பத்மா: ஆட்டுக்கல் எனக்கு. போன வருஷமே சொல்லிவிட்டேன்.

வசந்தி (கனடா): யார் இல்லை என்றது

பத்மா: பட்டியலில் போடச் சொல்கிறேன் அக்கா

ரகு: ஆட்டுக்கல் பிறகு. கார்.

சிவா (லண்டன்): அந்த லோட்டஸ் இன்னும் இருக்கிறதா? கறையான் தின்றிருக்கும் என்று நினைத்தேன்

கௌதம்: கறையான் தின்ன அதில் என்ன இருக்கிறது சித்தப்பா, உடம்பு முழுக்க பைபர் கிளாஸ். எலிதான் சீட்டுக்குள் குட்டி போட்டிருந்தது.

தர்ஷி: ஐயோ

ரகு: பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இது லோட்டஸ் எலான், மூன்றாவது சீரிஸ், 1967. எலான் 1962இல் வந்து 1973இல் நின்றது. உடம்பு பைபர் கிளாஸ். அடியில் முதுகெலும்பு மாதிரி நடுவால் ஓடும் ஒரு இரும்பு சேசிஸ். 1558 சீசீ எஞ்சின். மொத்த நிறை எழுநூறு கிலோ வராது. 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்பா வாங்கினார். அந்தத் துரை நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் இதை ஓட்டியவராம். அப்போது புதுக் கார் இறக்குமதி இல்லை, அதனால்தான் பழையதை விழுந்து விழுந்து வாங்கினார்கள். இன்னொன்று, இதை வடிவமைத்த ரொன் ஹிக்மன்தான் பிறகு வேர்க்மேட் என்ற மடக்கு மேசையைக் கண்டுபிடித்தவர்.

நிரூ: மாமா அந்த மேசை எங்கள் கராஜில் இருக்கிறது. அம்மா அதில் வடகம் காயப் போடுவார்

வசந்தி (கனடா): நிரூ உனக்கு வேலை இல்லையா

சிவா (லண்டன்): அண்ணா கொஞ்சம் சுருக்கமாக

ரகு: சுருக்கமாகச் சொல்லி உனக்கு எது விளங்கியிருக்கிறது?

வசந்தி (கனடா): இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். நாலாகப் பிரிக்கலாம். யார் இனி அதைத் திருத்தி ஓட்டப் போகிறார்கள்

சிவா (லண்டன்): அந்தக் காரை எனக்குத் தருவதாக அப்பா சொன்னவர்

பத்மா: எனக்கு இரண்டு பவுணில் காப்பு என்றும் சொன்னவர்

செல்வம் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! அடுத்த மாதம் முதல் பழைய ஸ்ரீ நம்பர் தகடு உள்ள எல்லா வாகனங்களும் பறிமுதல். உங்கள் உறவினர்களுக்கு உடனே அனுப்புங்கள்

தர்ஷி: தாத்தா இது பொய்ச் செய்தி

செல்வம் மாமா: சரி பிள்ளை. ஆனாலும் அனுப்பி வைத்தேன்

வசந்தி (கனடா): அந்தக் காரில் நுவரெலியாவில் இருந்து இரவில் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன் விளக்கு இரண்டும் தானாக மூடிக்கொண்டது. அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு டோர்ச் அடித்தபடி வந்தார்

ரகு: எஞ்சின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தில்தான் அந்த விளக்குகள் மேலே எழும். சேசிஸின் முன் குறுக்குக் குழாய்தான் அதற்குத் தொட்டி. எங்காவது காற்று ஒழுகினால் விளக்கு மெதுவாகக் கண்ணை மூடும்.

சிவா (லண்டன்): அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்?

வசந்தி (கனடா): நீயும் அண்ணாவும் பஸ்ஸில்

சிவா (லண்டன்): அதுதானே

வெள்ளி

கௌதம் (மாலை 5:20): நீர்கொழும்பில் இருந்து போட் கட்டுகிற பாஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ரகு: போட் பாஸா? பஞ்சிகாவத்தையில் நான் சொன்ன டிங்கர் எங்கே?

கௌதம்: அவர் வந்து பார்த்துவிட்டு, தகரம் என்றால் தட்டி நிமிர்த்தலாம், இது என் கைக்கு வராது என்று சொல்லிவிட்டார் அப்பா. பைபர் வேலை தெரிந்தவர்கள் இங்கே போட் கட்டுகிறவர்கள்தான்.

சிவா (லண்டன்): கார் மிதக்குமா

கௌதம்: பாஸ் பத்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். நல்ல இடத்தில் டிங் என்கிறது. பொனட் மூலையில் பொத் என்கிறது. பொத் என்றால் உள்ளே படை படையாக விட்டிருக்கிறதாம்.

கௌதம்: பிறகு காந்தம் இருக்கிறதா என்று கேட்டார். வசந்தி மாமி அனுப்பிய நயாகரா காந்தத்தை பிரிட்ஜில் இருந்து கழற்றிக் கொடுத்தேன். இடது முன் மட்கார்டில் ஒட்டிக்கொண்டது!

தர்ஷி: ஒட்டினால் நல்லதா அத்தான்?

கௌதம்: பைபரில் காந்தம் ஒட்டாது. யாரோ உள்ளே தகரம் வைத்து ரிவிட் அடித்து மேலே அரை அங்குலம் புட்டி பூசியிருக்கிறார்கள். அந்தத் தகரம் துருப்பிடித்து வீங்கி இப்போது புட்டியைத் தள்ளுகிறது.

ரகு: எந்தக் கராஜ் செய்தது என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

பத்மா: பெரியண்ணாவின் கூட்டாளியின் கராஜ்

ரகு: பெயர் வேண்டாம் என்றேன்

பத்மா: நான் பெயர் சொல்லவில்லையே

ரகு: கௌதம், ஒன்று கவனி. வெடிப்புக்கு மேலே புட்டி பூசினால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும். வெடிப்பை விரித்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, முடிந்தால் பின்பக்கத்தில் இருந்தே கண்ணாடி நார்ப் பாய் வைத்து ரெசின் பசை ஊற ஊற ரோலரால் உருட்ட வேண்டும். காற்றுக் குமிழ் ஒன்றும் நிற்கக் கூடாது. கடையில் விற்கும் பெயின்ற் கழற்றும் மருந்தைத் தொடவே தொடாதே, அது பெயின்றுக்கு அடியில் இருக்கும், பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டையும் தின்னும். மணல் அடிக்கவும் கூடாது. பிளேட்டால் சுரண்டி, தண்ணீர்த் தாளால் தேய்ப்பதுதான் வழி.

கௌதம்: ஓம் அப்பா. பாஸும் இதையே இரண்டு வசனத்தில் சொன்னார்.

சிவா (லண்டன்): ஹாஹாஹா

வசந்தி (கனடா): செலவு எவ்வளவு? யார் கொடுப்பது?

வசந்தி (கனடா): ?

பத்மா: மாமரத்தையும் வெட்டப் போகிறார்களாமே

தர்ஷி: எது, கறுத்தக்கொழும்பானா??

பத்மா: ஓம். இந்த முறை காய் இருக்கிறது. 30ஆம் திகதிக்குள் பழுக்காது

வசந்தி (கனடா): ஊறுகாய் போடு. சிவாவின் ஆள் யாரோ வருகிறார் என்றானே, கொடுத்துவிடு

சிவா (லண்டன்): அவர் ஏழு கிலோதான் கொண்டுவரலாம் என்கிறார்

வசந்தி (கனடா): ஏழு கிலோவும் எனக்கு

சனி

கௌதம் (மதியம் 1:05): (படம்) இது தயிர்க் கோப்பை. இருந்தது.

நிரூ: மச்சான் என்ன நடந்தது

கௌதம்: சோதித்துப் பார்க்கலாமே என்று கொஞ்சம் ரெசின் கலந்தேன். ரெசினை இறுக்கும் ஹார்ட்னரைக் கண்மட்டத்தில் ஊற்றிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் புகை. கோப்பை உருகி அம்மாவின் சீமெந்துத் தரையில் ஒட்டிவிட்டது.

ரகு: கொழும்பு வெயிலில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை போதும் என்று காலையில்தானே சொன்னேன்! அதுவும் ஆழமான கோப்பையில் கலந்தால் சூடு வெளியே போக வழியில்லை. அகலமான தட்டு எடு. முகமூடி போட்டாயா?

கௌதம்: போட்டேன்

தர்ஷி: போடவில்லை பெரிய மாமா. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வீடு முழுக்க அந்த நாற்றம், கையெல்லாம் அரிக்கிறது

பத்மா: தர்ஷி நீ ஏன் அங்கே? ஆட்டுக்கல்லைப் பார்த்துவிட்டு வா என்றுதானே அனுப்பினேன்

தர்ஷி: ஆட்டுக்கல் இருக்கிறது அம்மா. குழவியைக் காணவில்லை

பத்மா: என்ன????

(பத்மாவின் 7 செய்திகள் நீக்கப்பட்டன)

கௌதம் (மாலை 4:40): காரின் முதல் நிறம் பச்சையா சிவப்பா என்ற சண்டை முடிந்தது. மேலே பச்சை. அதன் கீழே சாம்பல். அதற்கும் கீழே சிவப்பு. சித்தப்பா சொன்னது சரி.

சிவா (லண்டன்): எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் முதல் தடவை

பத்மா: எனக்குப் பச்சையாகத்தான் தெரியும்

கௌதம்: இன்னொரு விஷயம். (படம்) இது இடது பின்பக்கம், சில்லுக்கு மேலே. பச்சையைச் சுரண்டியதும் மெல்லிய புட்டி. புட்டிக்குக் கீழே சிவப்பு முழுக்கக் கொப்புளம். சில இடத்தில் ரெசின் கருகி நார் மட்டும் நிற்கிறது, சாம்பல் பஞ்சு மாதிரி. ஒரு சாண் அகலம் இருக்கும்.

கௌதம்: விசித்திரம் என்னவென்றால், கொப்புளம் ஒரு நேர்க்கோட்டில் நிற்கிறது. அடிமட்டம் வைத்துக் கீறியது போல. கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை, அந்தத் துரை காலத்துப் பளபளப்பு அப்படியே இருக்கிறது.

ரகு: ஈரம் புகுந்து வருகிற கொப்புளமாக இருக்கும். மழைத் தண்ணீர் வெடிப்பால் உள்ளே போய்

கௌதம்: இல்லை அப்பா, படத்தை பாஸுக்கு அனுப்பினேன். ஈரம் கருக்காது, இது நெருப்புச் சூடு என்கிறார். கோட்டுக்கு மேலே எதையோ போட்டு மூடியிருக்கிறார்கள் என்கிறார்.

ரகு: அப்பா என்னிடம் வெயில் பட்டது என்றுதான் சொன்னவர். 84இல் பச்சை அடித்தபோது நான் கேட்டேன்.

வசந்தி (கனடா): வெயில் எப்படி நேராகப் படும்

செல்வம் மாமா (இரவு 8:12): வெயில் இல்லை

செல்வம் மாமா: சாக்கு

ரகு: என்ன மாமா?

செல்வம் மாமா: (குரல் பதிவு 0:03)

தர்ஷி: தாத்தா சத்தம் வரவில்லை. விரலை எடுக்காமல் பேசுங்கள்

செல்வம் மாமா: எழுதுகிறேன் இருங்கள்

செல்வம் மாமா (இரவு 8:41): 83 ஜூலைக் கலவரம். திங்கட்கிழமை. ரகு நீ பேராதனையில். காலி வீதிப் பக்கம் புகை தெரிந்ததும் அத்தான் அக்காவையும் பிள்ளைகளையும் எதிர்வீட்டுச் சிங்கள நோனாவிடம் விட்டார். பிறகு நானும் அவரும் நோனாவின் மகனும் காரைத் தள்ளினோம். ஸ்டார்ட் பண்ணவில்லை, சத்தம் கேட்கும். பாரமே இல்லை. மூன்று பேர் போதும். நோனாவின் பின்வளவில் விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டோம்

செல்வம் மாமா: நோனாவுக்கு இடதுபக்க வீட்டுக்காரர் நம் ஆட்கள். அதை எரித்தார்கள். மதிலுக்கு மேலால் சூடு. நோனா கிணற்றில் தண்ணீர் அள்ளி அள்ளிச் சாக்கை நனைத்துக் கார் மேலே போட்டாள். எங்களை வெளியே வர விடவில்லை. காயக் காயத் திரும்ப நனைத்தாள். அந்தப் பக்கம் ஒரு சாக்கு குறைந்துவிட்டது

செல்வம் மாமா: அந்தக் கோடு சாக்கின் கோடு

பத்மா (இரவு 8:58): எனக்கு நோனாவின் அறைக்குள் கட்டிலுக்குக் கீழே இருந்ததுதான் நினைவு. பன்னிரண்டு வயது. பிறகு முகாம், கப்பல், காங்கேசன்துறை. காரைப் பற்றி நான் கேட்கவே இல்லை

வசந்தி (கனடா): நானும் அந்தக் கட்டிலுக்குக் கீழேதான்

சிவா (லண்டன்): மாமா ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை

செல்வம் மாமா: அத்தான் சொல்ல வேண்டாம் என்றார். நீ லண்டன் போகக் காரை விற்கச் சொல்லி நின்றாய் அல்லவா. அவருக்கு மனம் வரவில்லை. வளவை ஈடு வைத்தார்

(சிவாவின் செய்தி நீக்கப்பட்டது)

ஞாயிறு

கௌதம் (காலை 9:15): பாஸ் நாளை வருகிறார். அந்த இடத்தை என்ன செய்யச் சொல்ல?

பத்மா: விட்டுவிடு. தொடாதே

ரகு: அப்படி விட முடியாது பத்மா. ரெசின் போன இடத்தில் நார் வெறுமையாக நிற்கிறது. ஈரத்தை உறிஞ்சும். மேலே பெயின்ற் அடித்தாலும் திரும்பக் கொப்புளிக்கும். முறைப்படி என்றால் கருகியதை நல்ல இடம் வரை தேய்த்து எடுத்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் பாய் இரண்டு படை வைத்து

வசந்தி (கனடா): அண்ணா

ரகு: முறையைச் சொன்னேன்.

தர்ஷி: பெயின்ற் அடிக்காமல் தெளிவான ரெசின் மட்டும் பூசி மூடலாமா? கோடு தெரியும்தானே

கௌதம்: பாஸிடம் கேட்கிறேன்

சிவா (லண்டன்): சிவப்புக் காரில் ஒரு சாண் கருகல். வாங்குகிறவன் விலையைக் குறைப்பான்

வசந்தி (கனடா): யார் விற்கச் சொன்னது?

நிரூ: அம்மா வியாழக்கிழமை நீங்கள்தானே

வசந்தி (கனடா): நிரூ

சிவா (லண்டன்): நான் விற்கச் சொல்லவில்லை. காரின் உடம்பு வேலைக்குப் பாதி நான் அனுப்புகிறேன். எனக்கு வேண்டும் என்று இல்லை. கொழும்பிலேயே இருக்கட்டும்

ரகு: சரி. எங்கே இருக்கட்டும்? என் பிளாட்டில் ஒரு பார்க்கிங்தான். பாஸின் வளவில் விடலாம், ஆனால் கடற்கரை, உப்புக் காற்று. பைபருக்கு ஒன்றுமில்லை. சேசிஸ் இரும்பு. முன் சஸ்பென்ஷன் கோபுரங்களில் தண்ணீர் வடியும் துளை அடைத்தால் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். பார்த்தாயா கௌதம்?

கௌதம்: பார்க்கவில்லை. பார்க்கிறேன்

வசந்தி (கனடா): நோனாவின் மகன் இப்போது எங்கே? யாரிடமாவது நம்பர் இருக்கிறதா

பத்மா: பாணந்துறைப் பக்கம் என்று கேள்வி

செல்வம் மாமா: பழைய டயறியில் பார்க்கிறேன்

ரகு: 28ஆம் திகதி லொறி சொல்லவா? நீர்கொழும்புக்கே போகட்டும், இப்போதைக்கு. ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

கௌதம்: பாஸ் மூன்று மாதம் என்றார். சுரண்டி முடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்றாம். இந்த மழையோடு அவசரப்பட முடியாதாம்

ரகு: இப்போதைக்கு என்றுதானே சொன்னேன்

பத்மா: அந்த லொறியில் ஆட்டுக்கல்லையும் ஏற்றலாமா? கொட்டாஞ்சேனை வழியாகத்தானே போகும்

கௌதம்: காருக்குள் வைக்காமல் இருந்தால் சரி மாமி

தர்ஷி: குழவி கிடைத்துவிட்டது! கராஜில் காரின் பின் சில்லுக்கு அண்டை கொடுத்திருக்கிறது

பத்மா: யார் வைத்தது???

திங்கள்

செல்வம் மாமா (காலை 5:58): 🙏🌹 (படம்)

செல்வம் மாமா: டயறியில் நம்பர் இருக்கிறது. ஆறு இலக்கம்தான். இப்போது முன்னால் என்ன போட வேண்டும்?