பீன்ஸ் போடப் போகிறீர்களா? முதலில் மண் சூடேறட்டும்

குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்து, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணும் கிடைத்துவிட்டால் முதலில் பீன்ஸ் போடுங்கள் என்றுதான் சொல்வேன். விதை பெரியது, கையாள எளிது, குத்துச்செடி ரகம் என்றால் இரண்டு மாதத்தில் காய் வரும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும்: மண் சூடேறும் வரை விதையைப் பொட்டலத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

வசந்தத்தில் நாலு நாள் வெயில் அடித்தாலே கை பரபரக்கும். ஆனால் அந்த வெயிலில் மேல்மண் மட்டும்தான் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் குளிர்ந்தே கிடக்கும். பீன்ஸ் விதைக்கு மண் குறைந்தது 12 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 15-ஐத் தாண்டினால் நல்லது. 15 டிகிரியில் முளைக்க ஏறக்குறைய 16 நாள் ஆகும், 25 டிகிரியில் 8 நாள் போதும். குளிர்ந்த ஈர மண்ணில் கூடுதலாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் விதை அழுகலாம், புழு துளைக்கலாம். இரண்டு வாரம் தாமதமாகப் போட்ட செடி, முந்திப் போட்டதை எட்டிப் பிடிப்பது சாதாரணமாக நடப்பதுதான். மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, காலை நேரத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் சில நாள் பாருங்கள். நாள்காட்டியைவிட அது சொல்வதை நம்புங்கள்.

அடுத்தது உறைபனி. ஒரே இரவு போதும், பீன்ஸ் நாற்று கருகிவிடும். உங்கள் பகுதியில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது விழுகிறது என்று பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். தென் அரைக்கோளத்துக்குப் போனவர்களுக்கு மாதங்கள் தலைகீழ், அங்கே அக்டோபர், நவம்பர்தான் வசந்தம்.

அதுவரை சும்மா இருக்க முடியாது என்றால் வழி இருக்கிறது. கடைசி உறைபனிக்கு மூன்று நாலு வாரம் முன்பு, வெளிச்சமான ஜன்னலோரத்தில் சின்னத் தொட்டிகளில் விதைக்கலாம். பீன்ஸ் வேருக்குத் தொந்தரவு பிடிக்காது. அதனால் மண்ணோடு அப்படியே நடக்கூடிய காகிதத் தொட்டியோ அட்டைக்குழாயோ நல்லது. நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துச் செடியைக் குளிருக்கும் காற்றுக்கும் பழக்குங்கள்.

எந்த ரகம்? கோடை குறுகிய இடம் என்றால் குத்துச்செடி பீன்ஸ்தான் பாதுகாப்பு, 50 முதல் 60 நாளில் காய்க்கும். கொடி பீன்ஸ் கொஞ்சம் தாமதம், ஆனால் பல வாரம் தொடர்ந்து காய் தரும். 2 மீட்டருக்கு மேல் உயரமான கொம்பு வேண்டும், அதை விதைக்கும் முன்பே ஊன்றிவிடுங்கள். கோடையிலும் சூடேறாத பகுதிகளில் சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸ் இரண்டையும்விட நன்றாக வரும்.

அவரைக்கொடி ஆசை பலருக்கு உண்டு. வளர்ப்பதில் சிரமமில்லை, சிக்கல் பூப்பதில்தான். பல அவரை ரகங்கள் பகல் குறைந்த பிறகுதான் பூ எடுக்கும். வடக்கே கோடைப் பகல் மிக நீளம் என்பதால் இலையாகவே மண்டி, பூக்கும் நேரத்தில் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகம் கிடைத்தால் மட்டும் போடுங்கள். இன்னொன்று, எந்த விதையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். பல நாடுகளில் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு.

விதைப்பு எளிது. 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், குத்துச்செடிக்கு 10, கொடிக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி. இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள், விதை வெடிக்கும். மொத்தமாகப் போடாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் காய் தொடர்ந்து கிடைக்கும்.

உரத்தில் கையை அடக்குங்கள். வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். அதற்கு மேல் யூரியா மாதிரி எதையாவது கொட்டினால் இலைதான் தழைக்கும், காய் இருக்காது. மட்கு உரம் போதும். தண்ணீர் முக்கியமாகப் பூக்கும்போது வேண்டும், அதையும் இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கை விடாதீர்கள், நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும்.

நத்தைகளை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முளைத்த முதல் இரண்டு வாரம், இருட்டியதும் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி எடுங்கள். ஓடில்லாத நத்தை ஒரே இரவில் ஒரு வரிசையையே தின்றுவிடும்.

காய் பிஞ்சாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். உள்ளே விதை முற்ற ஆரம்பித்தால் செடி பூப்பதைக் குறைத்துவிடும். பச்சையாக மட்டும் தின்னக் கூடாது, குறிப்பாக முற்றிய விதையில் நச்சு இருக்கிறது, நன்றாகக் கொதித்து வேக வேண்டும். குழந்தைகள் தோட்டத்தில் விளையாடினால் இதைச் சொல்லி வையுங்கள்.

சீசன் முடிவில் செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள், வேர் மண்ணிலேயே மட்கட்டும். அடுத்த வருட விதைக்கு நல்ல செடி ஒன்றிரண்டைப் பறிக்காமல் விட்டு, நெற்று காய்ந்து கலகலவென்று சத்தம் கேட்டதும் எடுங்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் செடியோடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் உள்ளேயே காய்ந்துவிடும்.