புது மீனோட வந்த வருத்தம் – உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிழமையா எழுதவேணும் எண்டு இருக்கிறன், மனம் வரேல்ல. எங்கட வீட்டில 4 வருஷமா வளத்த பேர்ள் கௌராமிச் சோடியில ஆண் மீன் போன செவ்வாய்க்கிழமை செத்துப்போச்சு. வயசு போய்ச் சாகேல்ல. நான் கடையில இருந்து கொண்டுவந்த வருத்தத்திலதான் செத்தது, அதாலதான் இவ்வளவு கவலை.

மார்கழி லீவுக்கு மகள் கேட்டவள் எண்டு ரவுணில ஒரு கடையில 6 சிவப்புப் பிளாட்டி வாங்கினனான். வாங்கேக்க ஆறும் வடிவாத்தான் நிண்டது, நல்ல ஓட்டம். ஆனா அதே கடைத் தொட்டியில மூலைப் பக்கம் ஒண்டு செட்டையை ஒடுக்கி வைச்சுக்கொண்டு கல்லில போய்ப் போய் உரசிக்கொண்டு நிண்டது, அதை நான் கண்டனான், கண்டும் அது எங்களுக்கு வேண்டாத மீன்தானே எண்டு விட்டிட்டன். எல்லா மீனுக்கும் ஒரே தண்ணி எண்டது எனக்கு அந்த நேரம் மண்டைக்க ஓடேல்ல. வீட்டை வந்து சொப்பின் பாக்கை 20 நிமிஷம் மிதக்க விட்டிட்டு நேரா பெரிய தொட்டிக்க விட்டிட்டன்.

ஆறாம் நாள் விடிய மகள்தான் கண்டவள், "அப்பா, பெரியவன்ர செட்டையில உப்புக் குறுணி ஒட்டியிருக்கு" எண்டு. ஓடிப்போய்ப் பாத்தா வால் செட்டையில மூண்டு, கௌராமிக்கு நூல் மாதிரி நீட்டா ஒரு மீசை இருக்கெல்லோ, அதில கூட ஒண்டு மணி கோத்த மாதிரி நிக்குது. அந்த மீனுக்கு உடம்பு முழுக்க ஏற்கனவே முத்து முத்தாப் புள்ளி, அதுக்குள்ள வருத்தப் புள்ளி வந்தது எங்களுக்குத் தெரியேல்ல, செட்டைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது. முத்துப்புள்ளி மீன் வளக்கிற ஆக்கள் உடம்பைப் பாக்காதேங்கோ, செட்டையைப் பாருங்கோ.

வைற் ஸ்பொட், வெள்ளைப் புள்ளி வருத்தம் எண்டு உடனே விளங்கீற்று. நீல மருந்து ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வந்து ஊத்தினன். நாலாம் நாள் புள்ளி ஒண்டும் இல்லை, சுகம் எண்டு நினைச்சு மருந்தை நிப்பாட்டினன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. ஏன் எண்டா அந்தப் புள்ளிக்குள்ள இருக்கிற ஒட்டுண்ணி மீன்ர தோலுக்குக் கீழ இருக்கேக்க எந்த மருந்தும் அதில படாது. அது தின்று பெருத்து தானா விழுந்து அடியில கல்லில ஒட்டி, கோது மாதிரி ஒண்டைக் கட்டி, அதுக்குள்ள நூற்றுக்கணக்கில, சில நேரம் ஆயிரம் வரைக்கும் கூடப் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளிய வந்து நீந்தித் திரியிற நேரம் மட்டும்தான் மருந்தும் உப்பும் வேலை செய்யும், அதுகளும் ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீனைப் பிடிக்காட்டிச் செத்துப்போகும். அப்ப நான் புள்ளி இல்லை எண்டு சந்தோசப்பட்ட அந்த நாள்தான் எல்லாம் கல்லுக்க இருந்து பெருகின நாள். மூண்டு நாள் கழிச்சுப் பாத்தா பிளாட்டியெல்லாம் உப்பில பிரட்டி எடுத்த மாதிரி.

பிறகு செய்தது எல்லாம் ஒழுங்காச் செய்தனான். மார்கழி தை எண்டா எங்கட பக்கம் விடியப்பறம் நல்ல குளிர்தானே, தொட்டித் தண்ணி 23 க்கு இறங்கியிருந்தது, அந்தக் குளிரில மீனுக்கும் எதிர்ப்புச் சக்தி குறையும், ஒட்டுண்ணியின்ர சுத்தும் இழுபட்டு நாள் கணக்கில போகும். ஹீட்டர் வாங்கிப் பூட்டி நாளுக்கு ரெண்டு டிகிரி எண்டு 30 வரைக்கும் கொண்டுபோனன். சூட்டில தண்ணியில ஒட்சிசன் குறையும், அதால எயார் பம்ப் இரவு பகலா. பில்ரருக்குள்ள இருந்த கரியை எடுத்துப்போட்டன், அது கிடந்தா மருந்தை உறிஞ்சிப்போடும். லீற்றருக்கு 2 கிராம் கணக்கில கல்லுப்பு, எங்கட தொட்டி 60 லீற்றர், 120 கிராமை நாலாப் பிரிச்சு ஒண்டரை நாளில கரைச்சு விட்டன். ஒவ்வொரு நாளும் குழாய் போட்டு அடிக் கல்லை உறிஞ்சி எடுத்தனான், எடுத்த தண்ணிக்கு அளவா மட்டும்தான் திருப்பி உப்பு, ஏன் எண்டா தண்ணி வத்தும் உப்பு வத்தாது. கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு கிழமை விடாமச் செய்தன்.

பிளாட்டி ஐஞ்சு தப்பிச்சுது, பெண் கௌராமியும் தப்பிச்சுது. ஆணுக்கு செவுளுக்குள்ளயும் போட்டுது போல. கௌராமி மேல வந்து காத்துக் குடிக்கிற மீன்தான், ஆனா அண்டைக்கு அது மேலயே நிண்டது, கீழ இறங்கேல்ல. மகள் நித்திரை கொள்ளாம ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்தில இருந்தவள். அவளுக்கு முன்னாலதான் சரிஞ்சது.

புது மீனை நீங்கள் எல்லாரும் எப்பிடி வைக்கிறனீங்கள், என்ன வருத்தம் கண்டனீங்கள், என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. எனக்கு மட்டும் இல்லை, இனி வாங்கப்போற ஆக்களுக்கும் உதவும்.

*

தம்பி, வாசிக்கவே கஷ்டமாக் கிடக்கு. நான் சாவகச்சேரிப் பக்கம், பின் வளவுக்க சிமெந்துத் தொட்டி கட்டி குப்பியும் மொலியும் வளக்கிறன். நீங்கள் சொன்ன வைற் ஸ்பொட் கண்ணுக்குத் தெரியிற வருத்தம், அதால ஒரு வகையில நல்லம். எனக்கு வந்தது தெரியாமலே வந்தது.

நல்ல நிறத்தில ஒரு ஆண் குப்பி மூண்டு, வெளி மாவட்டத்தில இருந்து வந்த மீன், ஆசைப்பட்டு வாங்கி ரெண்டு கிழமை தனிய வைச்சுப் பாத்தனான். சாப்பாடு நல்லம், நிறம் நல்லம், ஒரு குறையும் இல்லை. பெரிய தொட்டிக்க விட்டன். ஒரு மாசத்தில பெண் மீனெல்லாம் வயிறு ஒட்டி முள்ளாப் போகுது, குட்டி போடேல்ல. சாப்பாட்டை மாத்தினன், தண்ணியை மாத்தினன், ஒண்டும் சரிவரேல்ல. பேந்து ஒருநாள் பின்னேரம் ஒரு மீனைக் கண்ணாடிப் போத்திலுக்க விட்டு வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தா மலவாசலில ரத்தச் சிவப்பில நூல் மாதிரி மூண்டு நீட்டிக்கொண்டு நிக்குது. மீன் அசையாம நிண்டாத்தான் தெரியும், நீந்த வெளிக்கிட உள்ளுக்க இழுத்துக்கொள்ளும். கமலானஸ் எண்டுற புழு, குட்டி போடுற மீனுகளுக்குக் கூட வரும்.

உப்புக்கும் நீல மருந்துக்கும் உந்தப் புழு அசையாது. ஆடுகளுக்குப் பூச்சிக்குக் குடுக்கிற லெவமிசோல்தான் வேலை செய்தது, மிருக வைத்தியரிட்டக் கேட்டு லீற்றருக்கு 2 மில்லிகிராம் கணக்கில, 24 மணித்தியாலம், தொட்டியை மூடி இருட்டில. அந்த மருந்து புழுவைக் கொல்லுறேல்ல, விறைக்கப் பண்ணும், மீன் வெளிய தள்ளும், அதால அடுத்த நாளே அடியை உறிஞ்சி எடுக்காட்டி மருந்து போட்டும் பிரயோசனம் இல்லை. மூண்டு கிழமையில திருப்பி ஒருக்கா. மூண்டு மாசத்துக் குட்டி போச்சு எனக்கு.

அதால நான் இப்ப ரெண்டு கிழமை இல்லை, நாலு கிழமை. பெரிய செலவு ஒண்டும் இல்லை, 20 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி, ஒரு ஸ்பொஞ் பில்ரர், மூடி. அந்த ஸ்பொஞ்சை எப்பவும் ஓடுற தொட்டி ஒண்டுக்குள்ள போட்டு வைச்சிருங்கோ, மீன்ர கழிவைச் சிதைக்கிற நல்ல பக்ரீரியா பிடிச்சிருக்கும், புது மீன் வரேக்க எடுத்து வாளிக்க போட்டாச் சரி. அந்த வாளிக்கு எண்டு வலையும் குழாயும் வேற, கையை நனைச்சா கழுவிப்போட்டுத்தான் மற்றத் தொட்டிக்க வைக்கிறது. இன்னொண்டு, புது மீனுக்கு இரவில லைற்றை நிப்பாட்டிப்போட்டு பக்கவாட்டில ரோச் அடிச்சுப் பாருங்கோ. உடம்பில தங்கத் தூள் தூவின மாதிரி மினுங்கினா அது வெல்வெற் எண்டுற வருத்தம், வைற் ஸ்பொட்டை விடக் கெதியாக் கொல்லும்.

*

நான் பருத்தித்துறை. முதல் பதிவில தம்பி எழுதின ஹீட்டர் விசயத்தில ஒண்டு சொல்லவேணும், எல்லாத்துக்கும் சூட்டைக் கூட்டாதேங்கோ.

எனக்கு 8 கறுப்பு மொலி. வாங்கி மூண்டாம் நாள் ரெண்டுக்கு வாயைச் சுத்திப் பஞ்சு ஒட்டின மாதிரி. ஒருத்தர் பங்கஸ் எண்டார், இன்னொருத்தர் வைற் ஸ்பொட், சூட்டைக் கூட்டுங்கோ எண்டார். நான் 31 வரைக்கும் கூட்டினன். அடுத்த நாள் விடிய நாலு கிடந்தது, பின்னேரம் மிச்சமும். ஒரு நாளுக்குள்ள எட்டும் போச்சு. பேந்து வாசிச்சு அறிஞ்சதுதான், அது கொலம்னாரிஸ், பக்ரீரியா, பங்கஸ் இல்லை, சூட்டில தான் அது நெருப்பு மாதிரிப் பரவும். முதுகுச் செட்டைக்குக் கீழ சேணம் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில ஒரு பட்டி வரும், என்ர மீனில அது இருந்தது, நான் போட்டோ எடுத்து வைச்சிருந்தனான், பாக்கத் தெரியேல்ல. உப்புக் குறுணி மாதிரித் தனித்தனியாப் புள்ளி எண்டா சூடு. பஞ்சு, சாம்பல் பட்டி எண்டாச் சூட்டைத் தொடாதேங்கோ, குறைக்க ஏலுமெண்டாக் குறைச்சு, தண்ணியை மாத்தி, வருத்தக்கார மீனை உடனே பிரிச்சு, தெரிஞ்ச ஆளிட்டக் காட்டுங்கோ. முதல் என்ன வருத்தம் எண்டு பாருங்கோ, பிறகு போத்தலைத் திறவுங்கோ.

அலுமாரிக்க மிச்சம் கிடந்த மனுசற்ற கப்சூலை உடைச்சுத் தொட்டிக்க போடுற ஆக்களும் இருக்கினம், தயவுசெய்து செய்யாதேங்கோ. அளவு சரியில்லாட்டி மீனும் சுகப்படாது, பக்ரீரியாவும் மருந்துக்குப் பழகீரும். மருந்து போட்ட தண்ணியைக் கிணத்தடியில ஊத்துறதும் பிழை. எங்கட நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும், மேல ஊத்துறது வடிகட்டுப்படாமக் கிணத்துக்கு இறங்கும். அந்தக் கிணத்தைத்தான் குடிக்கிறம். நான் கிணத்தில இருந்து தள்ளி வேலிக்கரையில கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்துறன்.

*

பருத்தித்துறை அக்கா சொன்னது மெய். நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலி. என்ர கதையில வருத்தமே இல்லை, ஆனா மீன் எல்லாம் செத்தது.

கொழும்பில வாங்கி ரெஜிபோம் பெட்டியில வைச்சு இரவு பஸ்ஸில கொண்டந்தனான், 400 கிலோமீற்றர், விடிய வந்து இறங்கேக்க எல்லாம் உயிரோட. ஆறுதலாப் பழக்குவம் எண்டு பாக்கைத் திறந்து வைச்சு ரெண்டு மணித்தியாலம் சொட்டுச் சொட்டா எங்கட தண்ணியை விட்டன். அதுக்குள்ளயே மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, செவுள் சிவந்துபோச்சு. அண்டு இரவு பாதி போச்சு. நான் வருத்தம் எண்டு மருந்து ஊத்தினன், அதில மிச்சமும் போச்சு.

நடந்தது என்னெண்டா, மூடின பாக்குக்குள்ள இரவு முழுக்க மீன் விட்ட அமோனியா சேந்திருக்கும், ஆனா மீன் விட்ட காபனீரொட்சைட்டால தண்ணியின்ர பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதால அந்த அமோனியா அவ்வளவு நஞ்சா இராது. பாக்கைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்திரும், பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாகும். அதுக்குமேல நான் சொட்டு விட்டது யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளைப் படை படியிற தண்ணி, பிஎச் கூட. தூர இருந்து வாற மீனை இப்ப நான் மூடின பாக்கோட மிதக்க விட்டு, திறந்ததும் வலையால எடுத்து வாளித் தண்ணிக்க விடுறன், பாக் தண்ணி ஒரு சொட்டும் உள்ளுக்க விடுறேல்ல. பிளாட்டி, மொலி, குப்பிக்கு எங்கட தண்ணி நல்லாப் பிடிக்கும், நியோன் மாதிரி மென்தண்ணி மீன் எண்டா வாங்க முதல் கடைக்காரரிட்ட எந்தத் தண்ணியில எத்தின நாளா நிக்குது எண்டு கேளுங்கோ. பெட்டி வந்து ஒரு கிழமையாவது கடையில நிண்ட மீனைத்தான் நான் வாங்குறது.

புதுசாத் தொட்டி வைச்ச ஆக்கள் மருந்து வாங்க முதல் அமோனியா ரெஸ்ற் ஒண்டு செய்து பாருங்கோ. புதுத் தொட்டியில அந்த நல்ல பக்ரீரியா பிடிக்க நாலு தொடக்கம் ஆறு கிழமை போகும், அதுக்குள்ள மேல நிண்டு மூச்சு வாங்கிற மீனுக்கு வேண்டியது மருந்து இல்லை, தண்ணி மாத்துறது.

*

எல்லாருக்கும் நன்றி, திருப்பி எழுதச் சுணங்கீற்று. தொட்டி ரெண்டு மாசமா நல்லாக் கிடக்கு. பெண் கௌராமி முதல் கொஞ்ச நாள் பின் மூலையை விட்டு வரேல்ல, இப்ப சாப்பாடு போட முன்னுக்கு வருது.

அதுக்கு ஒரு சோடி வேணும் எண்டு மகள் கேட்டுக்கொண்டே இருந்தவள். மூண்டு கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு கடையிலயும் நாங்கள் வாங்கப்போற மீனை விட்டிட்டு அதோட நிக்கிற மீனைப் பாத்தனாங்கள், கடைசிக் கடையிலதான் மனம் ஒத்துது. சாவகச்சேரி ஐயா சொன்ன மாதிரி வாளி, ஸ்பொஞ், தனி வலை. மகள் வாளியில மாக்கரால திகதி எழுதி ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடுறாள். இண்டைக்கு 11 கோடு. பள்ளிக்கூடத்தால வந்து உடுப்பு மாத்த முதல் போய்ப் பாத்தவள், மீன் ஒருக்கா வாளிக் கரையில உரசினது எண்டு சொல்லுறாள். ரோச் அடிச்சுச் செட்டை, மீசை எல்லாம் பாத்தனாங்கள், ஒண்டும் காணேல்ல. இரவைக்கு லைற்றை நிப்பாட்டிப்போட்டு இன்னொருக்காப் பாக்கப்போறம்.